முழங்கை என்று பேர் வாங்கிய என் நாத்தனார்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்காவது அவளைப் பற்றி நல்லபடியாக ஒரு வார்த்தை வந்துவிட்டால், உறவுக்காரி பூசி மெழுகுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாடிப்படியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு குள்ளமா இருக்கியே, மேல் அலமாரியில இருக்கிற டப்பாவ எப்படி எடுப்பே?" என்று கேட்டாள். ஸ்டூல் போட்டு எடுத்துக்கொள்வேன் என்றேன். அன்று ஆரம்பித்தது.

அவள் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அவளுடைய தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர். நான் அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆட்டம் இருக்கும் நாட்களில் ஆடுகளத்தின் ஓரத்து மேசையில் உட்கார்ந்து கடிகாரம் ஓட்டுவேன். விசில் ஊதினால் நிறுத்த வேண்டும், பந்து ஆட்டத்துக்கு வந்தால் ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டது இவர். அதைக் கேட்டதும் அவள் சொன்னது: "நல்லது. அவன் வீட்டு ஆள் கையிலயே நேரமும் இருக்கட்டும்."

எங்களுடையது சின்னப் பல்கலைக்கழகம். இரண்டு அணிகளுக்கும் சேர்த்து ஒரே உள்ளரங்கம். ஒரு பக்கம் பார்வையாளர் படிக்கட்டு, மறுபக்கம் வெறும் சுவர். ஓடி வருகிறவர்கள் மோதி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருப்பார்கள். ஆண்கள் அணிக்கு உடை மாற்ற ஒழுங்கான அறை உண்டு. பெண்கள் அணிக்கு, முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறை. இன்னமும் மழைக்காலத்தில் அந்த அறைக்குள் போனால் பினாயில் வாசம் அடிக்கும். மாலை நேரம் முழுக்க ஆண்களுக்கு. பெண்களுக்கு விடிவதற்கு முன்னால், யாருக்கும் வேண்டாத நேரம். அவள்தான் போய்க் கதவைத் திறந்து விளக்குப் போடுவாள். பாதி விளக்குதான் எரியும். மீதி சூடாகி எரிவதற்குள் அவர்கள் பயிற்சி முடிந்துவிடும்.

முழங்கை என்ற பேர் அவள் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. கூடைக்கு அடியில் அவள் நின்றால் ஒரு கை தூரத்துக்கு யாரும் நெருங்க மாட்டார்களாம். நெருங்கியவர்கள் பல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்களாம். தேசிய அணிக்கான முகாம் வரைக்கும் போனவள். அங்கே முட்டி போய்விட்டது. திரும்பி வந்தாள். இன்றும் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் அந்த முட்டியைத் திட்டிக்கொண்டுதான் ஏறுவாள். மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் முழங்கை என்று சொல்வது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் ஒரு மாணவி வாய் தவறி நேரிலேயே சொல்லிவிட்டு நடுங்கிப்போய் நின்றாள். "பேருக்கு ஏத்த மாதிரி நீயும் ஆடு, போ" என்று அனுப்பிவிட்டாள்.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் போன கதை எனக்கு முந்தையது. ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் வேலை வந்தபோது இருவருமே போட்டி போட்டார்கள். ஆட்டத்தில் அவள் எங்கே, இவர் எங்கே! இவர் பல்கலைக்கழக அணியிலேயே பாதி நாள் பெஞ்சைத் தேய்த்தவர். ஆனால் வேலை இவருக்குக் கிடைத்தது. ஆண்கள் அணிக்கு ஆண்தான் வேண்டுமாம். அதைக்கூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் பெண்கள் அணிக்கு ஆள் தேடியபோது இவரிடம் கேட்டார்கள், உங்க அக்கா எப்படி என்று. இவர் சொன்னாராம்: "கோபக்காரி. வேற யாரும் கிடைக்கலன்னா பாருங்க." யார் கொண்டுபோய் வத்தி வைத்தார்களோ, வார்த்தை மாறாமல் அவள் காதுக்குப் போய்விட்டது. வேலை கிடைத்தது, ஆனால் அன்றோடு பேச்சு நின்றது.

அவர்களுடைய அப்பா விட்டுப்போன வீட்டில்தான் மூன்று பேரும் இருக்கிறோம். மாடி அவளுக்கு, கீழ்ப்பகுதி எங்களுக்கு, சமையலறை பொது. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். ஒரே அறையில் மூன்று பேரும் இருப்போம். "உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, தண்ணி மோட்டார நிறுத்தச் சொல்லி" என்பாள் அவள். "உன் நாத்தனார்கிட்ட சொல்லு, நான்தான் போட்டேன், எனக்கு நிறுத்தத் தெரியும்னு" என்பார் இவர். நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே காது கேட்கும். ஆனாலும் நான் தலையைத் திருப்பினால்தான் பேச்சு போய்ச் சேர்ந்ததாக இருவருக்கும் கணக்கு. சில நாள் வேண்டுமென்றே தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பேன். மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி, தண்ணீர் முற்றமெல்லாம் ஓடும்.

இப்படிக் கரித்துக் கொட்டிக்கொண்டே ஒன்பது வருஷம் ஓடியிருக்கும்போதுதான் புது டீன் வந்தார். வந்தவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரே அரங்கத்துக்கு இரண்டு பயிற்சியாளர் எதற்கு, அடுத்த பருவத்திலிருந்து இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே தலைமைப் பயிற்சியாளர்தான் என்று சொல்லிவிட்டார். இந்தப் பருவத்தில் யாருடைய அணி அதிக தூரம் போகிறதோ அவருக்கு அந்தப் பதவி. மற்றவர் முதலாண்டு மாணவர்களுக்குக் கைகால் வீசக் கற்றுக்கொடுக்கும் உடற்பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். அணி கிடையாது, விசில் கிடையாது.

அன்று இவர் வீட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அவள் வரவே இல்லை. அரங்கத்திலேயே இருந்து பெண்களை ஓட ஓட விரட்டியிருக்கிறாள். இவருக்கு என்ன, மாலை நேரம் இருக்கிறது, நல்ல பையன்கள் இருக்கிறார்கள். போதாததற்குப் பந்தைத் தானாகப் பொறுக்கி ஆட்டக்காரர் கைக்கே திருப்பி வீசுகிற எந்திரம் ஒன்றை டீனிடம் நயந்து பேசி வாங்கிக்கொண்டார். அதை வைக்க இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு டப்பாவோடு நான் அரங்கத்துக்குப் போனபோது, பெண்கள் அணியின் பந்து வைக்கும் தாங்கியை இவரே காலி செய்துகொண்டிருந்தார். பந்துகளை எல்லாம் தன் அணியின் பந்துகள் இருக்கும் கம்பிக் கூண்டுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, தாங்கியை வெளியே மழையில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் எந்திரத்தை நிறுத்தினார். கூண்டுக்குச் சாவி இவரிடம் மட்டும்தான்.

"அவங்க பந்துக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"வேணும்னா வந்து கேட்டு வாங்கிக்கட்டும்" என்றார்.

அவளா கேட்பாள்? சொந்தக் காசில் நாலைந்து பந்து வாங்கிப் பையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். ஏட்டிக்குப் போட்டி என்றால் இந்தக் குடும்பத்தில்தான் பார்க்க வேண்டும்.

பந்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் ஆடும் பந்து ஆண்கள் பந்தைவிடக் கொஞ்சம் சின்னது, கொஞ்சம் எடை குறைவு. நிறம் ஒன்று, கோடு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பெண்கள் அணி காலிறுதியில் தோற்றது. நன்றாகத்தான் ஆடினார்கள், ஆனால் தோற்றது தோற்றதுதான். ஆண்கள் அணியும் காலிறுதி வரை வந்து, அதை ஜெயித்து, அரையிறுதிக்குப் போனது. அதன்படி கணக்கு முடிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலிறுதி ஆட்டம் எங்கள் அரங்கத்திலேயே நடந்தது, அங்கேதான் எல்லாம் புரண்டது.

அன்று அவள் படிக்கட்டின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. தோற்பதைப் பார்க்க வருகிறாள் என்பார் இவர். உண்மையும் அதுதான் என்று நினைக்கிறேன். ஆட்டப் பந்தை உள்ளூர் அணிதான் தர வேண்டும். இவர் அவசரத்தில் கூண்டுக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுத்து நடுவரிடம் கொடுத்தார். நடுவர் இரண்டு தடவை தரையில் தட்டிவிட்டுத் தலையாட்டினார். ஆட்டம் ஆரம்பித்தது. பந்து கை மாறும்போது நழுவியது, எட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிப் பறந்தது. ஆனால் கூடைக்குள் மட்டும் மளமளவென்று விழுந்தது, அதிலும் எங்கள் பையன்களுக்கு. இவருக்குத் தலைகால் புரியவில்லை. எந்திரத்தில் பயிற்சி எடுத்த பலன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் அணியில் ஒரு சின்னக்கைப் பையன் இருந்தான். பந்தை ஒரு கையால் பிடிக்க அவனுக்கு எந்த நாளும் வராது. அதற்காகவே எல்லோரும் அவனைக் கேலி பண்ணுவார்கள். அன்று அவன் பந்தை ஒரே கையில் கவ்விப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து அவள் கவனித்திருக்கிறாள்.

இவர் இடைநிறுத்தம் கேட்டபோது, அவள் முட்டியைத் திட்டிக்கொண்டே படியிறங்கி வந்தாள். என் மேசைக்கு முன்னால், இவருக்கு நேராக வந்து நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"பந்து தப்பு. அது எங்க பந்து. மாத்து" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் இவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. இவர் என் பக்கம் திரும்பினார். "உன் நாத்தனார்கிட்ட சொல்லு, வயித்தெரிச்சல வீட்டுல வச்சுக்கச் சொல்லி."

பெஞ்சில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அவள் நடுவரிடம் திரும்பினாள். பார்வையாளர்கள் மேசைக்கு அருகில் வரக்கூடாது என்று அவர் கையை ஆட்டி அவளை ஓரமாகப் போகச் சொன்னார். எனக்கும் அது வயிற்றெரிச்சலாகத்தான் பட்டது. விசில் ஊதியதும் கடிகாரத்தை ஓடவிட்டேன். அவள் மேலே போய் உட்காராமல் நேராக வெளியே போய்விட்டாள்.

பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தோம். கைகுலுக்கல் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் கீழே கிடந்த பந்தை எடுத்தார். உருட்டிப் பார்த்தார். அதில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே நடுவரிடம் நடந்தார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த வாரமே தீர்ப்பு வந்தது. தப்பான பந்தைக் கொடுத்தது உள்ளூர் அணி என்பதால் எங்கள் வெற்றி செல்லாது, அரையிறுதி இடம் எதிரணிக்கு. ஆக, அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில் நின்றார்கள். இருவருக்குமே காலிறுதியோடு சரி.

டீன் கொதித்துப்போயிருந்தார். பல்கலைக்கழகத்தின் மானத்தை வாங்கியது யார் என்று தெரியாமல் விடமாட்டேன் என்று விசாரணை வைத்தார். அவருடைய அறையில் நீள மேசை. ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் அவள், ஓரத்தில் மேசை அலுவலர் என்ற முறையில் நான். தப்புச் செய்தவருக்குப் பதவி மட்டுமல்ல, வேலையே இல்லை என்று டீன் முதலிலேயே சொல்லிவிட்டார்.

இவர் முதல் நாளே எனக்கு ஒத்திகை காட்டியிருந்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டாமாம், கேட்டால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் போதுமாம். சரி என்றுதான் நானும் போனேன். அவளுக்காக வாயைத் திறக்க எனக்கென்ன தலையெழுத்தா?

இவர் ஆரம்பித்தார். குரலை இறக்கி, வருத்தமாக. "சார், என் அக்காவப் பத்தி நானே சொல்ல வேண்டியிருக்கேன்னு மனசு கஷ்டப்படுது. அக்கா மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. நாங்க பத்துப் பேர் கையில புடிச்சு ஆடியும் எங்களுக்குத் தெரியாதது, கடைசி வரிசையில இருந்த அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சுது? மாத்தி வச்சவங்களுக்குத்தானே சார் தெரியும்?"

டீன் தலையாட்டினார். "அந்தச் சின்னக்கைப் பையன் பந்த ஒரே கையில தூக்கினான், அதுலதான் தெரிஞ்சுது" என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. நான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் வாயில் 'அவ' என்பதும் 'உன் நாத்தனார்' என்பதும்தான் வந்திருக்கின்றன. அக்கா என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அவளை வேலையிலிருந்து துரத்துவதற்காக அந்த வார்த்தையை எடுத்தார். அதுவும் தேன் தடவி எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் இந்த மனிதருக்காகவா தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தேன் என்று இருந்தது.

"சார், நான் பேசலாமா?" என்றேன்.

தாங்கியைக் காலி செய்தது, பந்துகளைக் கூண்டுக்குள் போட்டது, சாவி யாரிடம் இருக்கிறது, அவள் வந்து என்ன சொன்னாள், இவர் என்ன பதில் சொன்னார் எல்லாம் சொன்னேன். வயிற்றெரிச்சல் என்ற வார்த்தையையும் விடவில்லை. இவர் நடுவில் "ஏய்" என்றார். டீன் கையை உயர்த்தினார்.

டீன் அவளிடம் திரும்பினார். "ஒண்ணு எனக்குப் புரியல. அவர் ஜெயிச்சா உங்க அணி உங்க கையை விட்டுப் போயிடும். தப்பான பந்துன்னு உங்களுக்குத் தெரியுது. பேசாம இருந்தா அந்த வெற்றி செல்லாம போகும், உங்களுக்கு லாபம். அப்புறம் எதுக்கு எறங்கி வந்து சொன்னீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவனைத் தோற்கடிக்கணும்கிற ஆசை எனக்கு இல்லன்னு நினைக்காதீங்க சார். அந்த நெனப்பிலதான் தினமும் எழுந்திருக்கிறேன். ஆனா அவன் என்கிட்ட தோக்கணும். பந்துகிட்ட தோத்தா அதுல எனக்கு என்ன இருக்கு?"

டீனுக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்ததால் அவளை இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போயிற்று. அவ்வளவு நிமிர்ந்து உட்கார எனக்கு வராது.

இரண்டு அணிக்கும் அவளைத் தலைமையாகப் போட்டார் டீன். இவரை வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் நான் அவளைப் பார்த்தேன். நன்றி என்று எதிர்பார்க்கவில்லை, ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். "உன்னை யார் கேட்டா?" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் பெட்டியை எடுத்துக் கட்டிலில் போட்டார். கட்டின பெண்டாட்டியே காலை வாரிவிட்டாள், இனி இந்த ஊர்த் தண்ணி வேண்டாம், எங்கேயாவது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராகப் போய்விடுகிறேன் என்று கத்தினார். சட்டைகளை மடிக்காமல் திணித்துக்கொண்டிருந்தார். விசிலைக் கழற்றித் தரையில் எறிந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன், அதன் விலை என் குடித்தனம் என்று அப்போதுதான் உறைத்தது.

படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு. அவள் எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். நான் பழக்கதோஷத்தில் யார் பக்கம் தலையைத் திருப்புவது என்று தெரியாமல் இருந்தேன். அவள் என்னைத் தாண்டி நேராக இவரைப் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்டே?"

இவர் இன்னொரு சட்டையைப் பெட்டிக்குள் திணித்தார்.

"உன்னைத்தான் கேக்கறேன். ஓடப் போறியா?"

"உன் கீழ நின்னு வேலை பாக்க என்னால முடியாது" என்றார் இவர், பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

"முடியாதா? எனக்கு மட்டும் முடிஞ்சுதா? தொடப்பம் வச்சிருந்த ரூம்ல என் பிள்ளைங்கள டிரஸ் மாத்த வச்சேன். அரை வெளிச்சத்துல ஆட வச்சேன். உன் பசங்க போட்டுட்டுப் போன குப்பையை நாங்க பெருக்கிட்டு ஆடினோம். எத்தனை தடவை தோத்தேன்னு உனக்கே தெரியும், எண்ணி எண்ணிச் சிரிச்சியே. ஒவ்வொரு தடவை தோத்தப்பவும் மறுநாள் விடியறதுக்கு முன்னாடி போய்க் கதவத் தொறந்தேன்டா. ஒரு நாள் போகாம இருந்தேனா? நீ ஒரே ஒரு ஆட்டம் தோத்தே. பெட்டி கட்டறே."

இவர் கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் ஆறுதல் சொல்லவில்லை, உள்ளே வரவும் இல்லை. வாசலிலேயே நின்றாள். அந்த முட்டியோடு அவ்வளவு நேரம் நிற்பது அவளுக்கு லேசான காரியமில்லை.

வெகுநேரம் கழித்து, திரும்பாமலேயே இவர் கேட்டார்.

"எத்தனை மணிக்கு வரணும்?"